வலப்பக்கச் சீற்றுக்கு ஒரு பட்டியல்

என் கணவர் ஒரு பட்டியல் எழுதினார். எழுதுவதில் பெரிய விருப்பம் உள்ள மனிதர் அல்ல. நெல்மூட்டைக் கணக்கைக்கூடச் சுவரில் கரியால் கோடு போட்டு வைப்பவர். அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னுடைய கந்தோர்க் கொப்பி ஒன்றைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் பதினொரு வரி எழுதிக்கொண்டு வந்து எனக்கு முன்னால் வைத்தார். நாங்கள் புதிதாக வாங்கியிருந்த பழைய சின்னக் காரில் செய்யவேண்டிய மாற்றங்களும் அவற்றுக்கான செலவும் அதில் இருந்தன. வாசித்து முடித்தபோது எனக்கு வந்த கோபத்தை நினைத்தால் இப்போது கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கோபித்தது பிழை என்று நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

இடப்பக்கச் சீற்றை நாலு அங்குலம் உயர்த்துவது. இடப்பக்கக் கதவுக்கு மேலே பிடித்து ஏறி இறங்க ஒரு உறுதியான கைபிடி. இடப்பக்கச் சீற்றைப் பின்னால் தள்ளத் தண்டவாளம். இடப்பக்கக் கண்ணாடிக்கு வெயில் தாள். ஊன்றுகோல் வைக்க இடப்பக்கத்தில் ஒரு கொழுக்கி. ஏசிக்குக் காஸ். பாட்டுக் கேட்கத் திரை வைத்த ஒரு செற். இப்படியே போனது. கடைசி வரியில் "நல்ல ஹோர்ன்" என்று இருந்தது.

எங்கள் நாட்டில் கார் ஓடுபவர் இருப்பது வலப்பக்கம். அந்தப் பக்கத்துக்கென்று பட்டியலில் ஒரு வரிகூட இல்லை.

என் இடது கால் முழங்காலுக்கு மேலே யுத்தத்தின் கடைசி மாதங்களில் போனது. அதைப் பற்றி இங்கே நான் எழுதப்போவதில்லை. எழுதவேண்டியது கிளச்சைப் பற்றி. கியர் மாற்றி ஓடும் காரில் கிளச்சை மிதிப்பது இடது கால். பிரேக்கையும் அக்சிலேற்றரையும் வலது கால் பார்த்துக்கொள்ளும், அது எனக்குக் கல்லுப்போல இருக்கிறது. பொய்க்காலால் நடக்கலாம், படி ஏறலாம், கோயில் வீதியைச் சுற்றி வரலாம். ஆனால் எவ்வளவு மிதித்தேன், எவ்வளவு விட்டேன் என்பதை அது சொல்லாது. மிதிக்காமலே ஓடும் ஓட்டோமற்றிக் கார்கள் இருக்கின்றன. அவற்றின் விலையைக் கேட்டுவிட்டு நாங்கள் இருவரும் ஒரு நாள் முழுக்க அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

கார் ஏன் வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிறேன். ஊர் ஊராகப் போய் வாழ்வாதார உதவி பெற்ற குடும்பங்களைப் பார்த்து, கோழி உயிரோடு இருக்கிறதா, தையல் மெசின் விற்கப்பட்டுவிட்டதா என்று விசாரித்து எழுதுவது என் வேலை. பதினொரு வருடம் கிளிநொச்சியில் இருந்தேன். எங்கள் வீடு உருத்திரபுரத்தில் என்பதால் கணவர் காலையில் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுவார், பின்னேரம் வந்து ஏற்றுவார். பிறகு துணுக்காய்க்கு மாற்றம் வந்தது. திங்கள் போய் அங்கேயே அறை எடுத்து நின்று வெள்ளி திரும்புவதாக ஏற்பாடு. போய்ச் சேர்வதற்குப் பஸ் உண்டு. ஆனால் அங்கிருந்து உள்ளே இருக்கும் ஊர்களுக்குப் போக எதுவும் இல்லை. முதல் மாதத்திலேயே கந்தோரில் எனக்கு ஒரு மூலைக் கதிரையை ஒதுக்கிவிட்டார்கள். வெளிவேலைக்கு வேறு ஆட்கள் போவார்களாம், நான் இருந்து அவர்கள் கொண்டுவருவதைப் பதியலாமாம்.

எல்லோரும் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். "பாவம், அவா கந்தோரிலையே இருக்கட்டும்." அந்தப் 'பாவம்' என்ற சொல்லுக்கு வரி போட்டால் அரசாங்கத்தின் கடன் ஒரே வருடத்தில் தீர்ந்துவிடும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. என் வேலையில் எனக்குப் பிடித்ததே அந்த வெளிவேலைதான். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு கதிரையும் ஒரு பதிவேடும். அதனால்தான் சேமித்த காசோடு வவுனியாவில் இருந்த அக்காவின் குடும்பத்திடம் அவர்களுடைய பழைய காரைச் சலுகை விலைக்கு வாங்கினேன். நானே ஓடவேண்டும் என்று வாங்கினேன். இதை வீட்டில் நூறு தரம் சொல்லியிருக்கிறேன். அவர் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டுத்தான் இந்தப் பட்டியலை எழுதியிருந்தார்.

"இதிலை நான் எங்கை இருக்கிறன்?" என்று கேட்டேன்.

அவர் இடப்பக்கச் சீற் என்ற வரியில் விரலை வைத்தார். "இஞ்சை. வசதியா இருக்கவேணும் எண்டுதான் எல்லாம் போட்டனான்."

"ஓடுறது ஆர்?"

"நான்தானே" என்றார், சூரியன் கிழக்கில்தானே என்பதுபோல.

அப்படியென்றால் திங்கட்கிழமை என்னைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வெள்ளிவரை துணுக்காயில் மரநிழலில் படுத்திருப்பீர்களா, வயலுக்கு யார் வாய்க்கால் திறந்து தண்ணீர் மாறுவது என்று கேட்டேன். அதை யோசிக்கவில்லை என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். யோசித்திருக்கிறார், எப்படியாவது சமாளிக்கலாம் என்று யோசித்திருக்கிறார். மோட்டார் சைக்கிளில் நான் பின்னால் இருந்த அந்தப் பதினொரு வருடமும் அவருக்குச் சுமையாக இருக்கவில்லை, அது அவருடைய நாளின் நல்ல பகுதியாக இருந்தது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. விளங்கியதால் கோபம் குறைந்தது என்று சொல்லமாட்டேன். பட்டியலைக் கிழிக்காமல் விட்டேன், அவ்வளவுதான்.

கையில் இருந்தது சீட்டு எடுத்த காசு ஒன்றரை லட்சம். கிளச்சைக் கைக்கு மாற்றும் சாமான் கொழும்பில் பூட்டித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு விசாரித்தேன். சாமானும் கூலியும் காரைக் கொண்டுபோய் வரும் செலவும் சேர்ந்து அந்தக் காசைப்போல இரண்டு மடங்குக்குக் கிட்ட வந்தது. சுண்டங்காய் காற்பணம், சுமைகூலி முக்காற்பணம் என்று கணவர் சொன்னார். சொல்லும்போது முகத்தில் ஒரு சின்ன நிம்மதி இருந்ததைக் கண்டுகொண்டேன்.

அந்த நிம்மதியைக் குலைத்தவர் எங்கள் ஊரில் வாகனம் திருத்தும் கராச்காரர். என்னிலும் நாலைந்து வயது இளையவர். அவருடைய கராச்சில் கார்கள் குறைவு. ஊரில் உள்ள லான்ட்மாஸ்டர்கள்தான் வரிசையாக நிற்கும். இரண்டு சில்லுள்ள கை உழவு இயந்திரத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். உழுவதும் அதுதான், பின்னால் பெட்டியைக் கொழுவினால் நெல் ஏற்றுவதும் அதுதான், கலியாண வீட்டுக்கு ஆட்களைக் கொண்டுபோவதும் அதுதான்.

காரைச் சுற்றி வந்து, கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழும்பிய அவர், "அக்கா, கையாலை கிளச் பிடிக்கிறது எங்களுக்குப் புதுசே?" என்றார். "லான்ட்மாஸ்டரை முழுக்கக் கையாலைதானே ஓடுறம்."

மோட்டார் சைக்கிளின் கிளச் பிடி போதாது, அது விரலுக்கானது என்று விளக்கினார். லான்ட்மாஸ்டரின் பிடி நீளமானது, முழுக் கையாலும் அமத்தலாம். அதை ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் வலப்புறமாகப் பூட்டி, கம்பிக் கேபிளால் கிளச்சோடு இணைத்தால் வலது கை கிளச்சைப் பார்க்கும், இடது கை கியரைப் பார்க்கும். எல்லாம் சேர்த்து நாற்பதாயிரம். காரில் செய்த மாற்றத்தை வாகனப் பதிவுப் புத்தகத்தில் பதிய, எனக்கு லைசென்ஸ் எடுக்க, அது தனி. ஆனாலும் காசு மிஞ்சும். மிஞ்சும் காசில் செற் வாங்கலாம் என்று நானே கணவருக்குச் சொன்னேன். அவர் பழைய பாட்டுப் பைத்தியம். அந்தப் பதினொரு வரியில் அவர் தனக்கென்று எழுதியது அது ஒன்றுதான். கைபிடியையும் சீற் உயர்த்துவதையும் அவர் விடவில்லை. ஏற்கனவே கராச்காரரிடம் முற்பணம் கொடுத்துவிட்டாராம். சரி, அதையும் செய்யட்டும் என்று விட்டேன்.

வேலை முடிந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வாய்க்கால் றோட்டில் ஓடிப் பார்த்தோம். பழகுவதற்கான அனுமதிப் பத்திரம் எடுத்திருந்தேன். பக்கத்தில் கராச்காரர் இருந்தார். கணவர் வரவில்லை, வயல் வரம்பில் நின்றார். கார் நகர்ந்தது. பதினைந்து வருடத்துக்கு மேலாக யாராவது கொண்டுபோய் இறக்கும் இடத்தில் இறங்கியவள் நான். முதலாம் கியர், இரண்டாம் கியர், எல்லாம் வெண்ணெய்போலப் போனது. கராச்காரர் கையைக் கட்டிக்கொண்டு வெளியே பார்க்கத் தொடங்கிவிட்டார்.

மதகடியில் றோட்டு வலப்பக்கம் திரும்பும். கார் திரும்பவில்லை. என்ஜின் பேய்போலக் கத்தியது, கார் நேரே போய், சரிவில் இறங்கி, மூக்கைச் சேற்றில் குத்திக்கொண்டு நின்றது. நல்லகாலம், எங்கள் சொந்த வயல். விதைத்து இருபது நாள் ஆன பயிர்.

யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. கராச்காரர் தன் கேபிள் இறுகிவிட்டது என்று நினைத்து முழங்கால் சேற்றில் நின்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். கேபிள் சரியாகத்தான் இருந்தது. நான் அந்தப் பிடியை அமத்தியிருக்கிறேன். திருப்பத்தில், தேவையில்லாமல், முழுப் பலத்தோடு. ஏன் அமத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை.

கணவர் ஓடி வந்தார். நான் கதவுக்குள்ளே உயிரோடு இருப்பதையும் என் கை இன்னும் அந்தப் பிடியை அமத்தியபடி இருப்பதையும் கண்டதும் முதலில் கத்தினார். "எந்த மனிசர் வளைவிலை கிளச்சைப் பிடிப்பினம்?" பிறகு குரல் இறங்கிவிட்டது. "வேண்டாம். காசு போனாப் போகட்டும். நீர் இருந்தாக் காணும்."

நான் காரில் இருந்து இறங்கி வரம்பில் போய் இருந்தேன். மூலைக் கதிரைதான் எனக்குச் சரி என்று அந்த வரம்பில் இருந்தபோது நான் உண்மையாகவே நினைத்தேன். எல்லோரும் 'பாவம்' என்று சொன்னதில் ஒரு கணக்கு இருந்திருக்கிறது, எனக்குத்தான் அது தெரியாமல் போய்விட்டது என்று நினைத்தேன். பொய்க்காலில் சேறு நிறைந்து கனத்தது. அதைக் கழற்றி வாய்க்கால் தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தேன்.

காரை இழுக்கக் கணவர் எங்கள் லான்ட்மாஸ்டரைக் கொண்டுவந்தார். கயிற்றைக் கட்டினார்கள். இயந்திரம் புகை கக்கிக்கொண்டு இழுத்தது, கார் அசைந்தது. றோட்டுக்கு ஏறியதும் வீட்டுப் பக்கமாக அதை வலதுபுறம் திருப்பவேண்டும். நான் அவருடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய வலது கை, வலப்பக்கப் பிடியை அமத்தியது. லான்ட்மாஸ்டர் வலப்பக்கம் திரும்பியது.

அந்த இயந்திரத்தில் ஸ்டியரிங் இல்லை. இரண்டு கைக்கும் கீழே இரண்டு பிடி. வலப்பக்கம் திரும்ப வலதை அமத்தவேண்டும், இடப்பக்கம் திரும்ப இடதை. எந்தப் பிடியை அமத்துகிறோமோ அந்தச் சில்லு நின்றுவிடும், மற்றது சுற்றித் திருப்பும்.

அப்பாவிடம் ஒரு லான்ட்மாஸ்டர் இருந்தது. இடம்பெயர்ந்து போன காலத்தில் அதை ஓடியவள் நான். அப்பாவுக்கு நெஞ்சுவருத்தம், தம்பி சின்னவன். கூரைத் தகரம், நெல் மூட்டை, அலுமாரி, அதன்மேல் அம்மா, அம்மாவின் மடியில் கோழிக் கூடை. ஒவ்வொரு ஊராக இறக்கி, கொட்டில் போட்டு, பிறகு பிடுங்கி ஏற்றிக்கொண்டு அடுத்த ஊருக்கு. மாதக்கணக்காக அந்தப் பிடிகளைத்தான் பிடித்திருந்தேன். கால் போன நாளோடு அதுவும் போனது. மறந்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். நான் மறந்தேன், கை மறக்கவில்லை.

ஒற்றைக் காலோடு வரம்பில் இருந்தபடியே நான் சிரிக்கத் தொடங்கினேன். பயத்தில் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து இருவரும் ஓடி வந்தார்கள். நான் காரில் இருந்த அந்தப் பிடியைக் காட்டினேன். அதே பிடி. அதே வலப்பக்கம். கையில் பட்ட இரும்பின் தடிப்புக்கூட அதேதான். திருப்பம் வந்தது, கை தனக்குத் தெரிந்ததைச் செய்தது.

கராச்காரர் காருக்குள் குனிந்து அந்தப் பிடியைப் பார்த்தார். பிறகு, "பிழை உங்கட கையிலை இல்லை அக்கா. நான் பூட்டின இடத்திலை" என்றார். பிடியைக் கழற்றிக் கியர்க் கம்பியிலேயே பூட்டலாம் என்றார். கியரைப் பிடிக்கும் இடது கையே அதை அமத்தும், வலது கைக்கு ஸ்டியரிங்கைத் தவிர வேறு வேலை இருக்காது. திரும்பும்போது கையில் தட்டுப்பட அங்கே ஒன்றும் இருக்காது.

சேற்றில் குத்திய முன்பக்கத்தைத் திருத்தவும், உடைந்த லைற்றுக்கும், பிடியை மாற்றவும் என்று பார்த்தபோது செற்றுக்கு வைத்திருந்ததோடு மிச்சக் காசு முழுவதும் வேண்டியிருந்தது. வேண்டாம் என்று வரம்பில் சொன்னதைக் கணவர் அன்று இரவு திரும்பச் சொல்லவுமில்லை, விலக்கிக்கொள்ளவுமில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் சண்டை பிடிக்கவேண்டி வரும், சண்டை பிடிக்க என்னிடம் அன்று பலம் இருக்கவில்லை.

காலையில் குசினி மேசையில் அந்தக் கொப்பி திறந்தபடி கிடந்தது. செற் என்ற வரி வெட்டப்பட்டிருந்தது. ஏசி, வெயில் தாள், ஹோர்ன் எல்லாம் வெட்டப்பட்டிருந்தன. அவற்றுக்குக் கீழே அவருடைய கோணல் எழுத்தில் புதிதாக ஒரே ஒரு வரி: "வலப்பக்கச் சீற் – பிடி மாத்திறது."

செற்றை வெட்டியிருக்கத் தேவையில்லை, அடுத்த சீட்டில் பார்க்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். தனக்குப் பாட்டு மனப்பாடம் என்றார்.

நாலு மாதம் போனது. கியர்க் கம்பியில் பூட்டிய பிடி பழகியது, சோதனை ஓட்டத்தில் சித்தியடைந்தேன், மாற்றத்தைப் பதிந்து புத்தகமும் வந்தது. முதல் திங்கட்கிழமை தானும் வருவதாகக் கணவர் சொன்னார். துணுக்காய்வரை வந்து பஸ்ஸில் திரும்புவாராம். படலையடியில் நாலு சில்லுக்குக் கீழும் தேசிக்காய் வைத்தார். புளி மணக்க அவற்றை நசித்துக்கொண்டு புறப்பட்டேன்.

அவர் இருந்தது எனக்காக உயர்த்திய சீற்றில். நாலு அங்குலம் கூடிய உயரத்தில் அவருடைய தலை கூரையில் முட்டியது. கைபிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஏறி இறங்க என்று முற்பணம் கொடுத்துப் பூட்டிய கைபிடி அது. கிளிநொச்சி தாண்டியும் அவர் அதை விடவில்லை. நான் அவரைப் பார்க்காமல் றோட்டைப் பார்த்துச் சிரித்தேன். முறிகண்டியில் எல்லா வாகனத்தையும்போல நாங்களும் நின்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தோம். அவர் கச்சான் கடலைப் பையொன்று வாங்கி வந்து, செற் பூட்டுவதற்கென்று வெறுமையாகக் கிடந்த ஓட்டைக்குள் வைத்தார். பிறகு பழைய பாட்டொன்றை மெதுவாக முணுமுணுக்கத் தொடங்கினார். பாதி வரிகள் பிழை.

துணுக்காய்க்குப் போக மாங்குளச் சந்தியில் வலப்பக்கம் திரும்பவேண்டும். சந்திக்குக் கொஞ்சம் முன்னால் பாட்டு நின்றது.

"ஓரமா நிப்பாட்டும்" என்றார். "நான் இதிலை இறங்கிறன். இஞ்சை நிண்டா கிளிநொச்சி பஸ் வரும்."

ஏன், வருவதாகத்தானே சொன்னீர்கள் என்று கேட்டேன். வயலுக்குத் தண்ணீர் மாறவேண்டுமாம். நேற்றுத்தான் மாறியிருந்தார். கைபிடியை விட்டு இறங்கி, கதவைச் சாத்தி, கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தார்.

"எனக்குப் பயம்தான்" என்றார். "நான் பக்கத்திலை இருந்தா அந்தப் பயம் உமக்கும் வரும். நீர் போம்."

நான் சிக்னல் போட்டேன். எதிரே வந்த லொறியைப் போக விட்டு, இடது கையால் பிடியை அமத்திக் கியரை மாற்றினேன். திருப்பம் வந்தபோது என் வலது கை ஸ்டியரிங்கில் ஒரு கணம் இறுகியது. அமத்துவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. கார் திரும்பியது.

பக்கக் கண்ணாடியில் அவரைக் கண்டேன். சந்தியில் நின்றபடி உடம்பை வலப்பக்கம் சாய்த்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வலது கை முன்னால் நீண்டு, காற்றில் ஒரு பிடியை முழுப் பலத்தோடு அமத்திக்கொண்டிருந்தது.